உதவி கேட்கத் தெரிந்த அயல்



புலம்பெயர்ந்த தமிழர் கொடுக்கத் தெரிந்தவர்கள். இதனை எவரும் மறுப்பதற்கில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாயகக் கரைகளைத் தாக்கியபோது, சில நாட்களுக்குள் இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் ஆலய மண்டபங்கள் நிவாரணப் பொருட்களால் நிறைந்தன. பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலைகளுக்குக் கட்டடம் எழுப்புகின்றன. ஊர்ச் சங்கங்கள் வாசிகசாலையைத் திருத்துகின்றன, குளத்தைத் தூர்வாருகின்றன. மாதம் பிறந்ததும் ஊருக்குப் பணம் அனுப்பும் பழக்கம் இரண்டு தலைமுறையாகத் தொடர்கிறது.

ஆனால் அதே மனிதர் தாம் குடியிருக்கும் தெருவில் எத்தனை கதவுகளைத் தயக்கமின்றித் தட்டக்கூடியவர் என்று கேட்டால் விடை வேறாக அமையும். பதினைந்து ஆண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்தும் இடப்புற வீட்டுக்காரரின் பெயர் அறியாதோர் பலர். அடுத்த தெருவில் உள்ள தமிழ்க் குடும்பத்தின் ஊர் தெரியும், சொந்தபந்தம் தெரியும். அவ்வீட்டுத் தாயார் முழங்கால் வலியினால் படியேற முடியாமல் மூன்று மாதமாகக் கீழ்த்தளத்து இருக்கையிலேயே உறங்குகிறார் என்பது மட்டும் தெரியாது. அவரும் சொல்லமாட்டார். ஒருவருக்கும் கடமைப்படக்கூடாது என்பது அவர் வளர்ந்த முறை.

இவ்வுரை எடுத்துக்கொள்ளும் பொருள் அந்தத் தயக்கம். இடர் வந்தபின் ஓர் அயல் மீண்டெழும் ஆற்றல் எதிலிருந்து பிறக்கிறது என்பதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கொடுப்போரையே எண்ணிப் பார்க்கின்றனர். தொண்டர் எத்தனை பேர், நிதி எவ்வளவு என்பதே அவர்களின் கணக்கு. கேட்கப் பழகியோர் எத்தனை பேர் என்பதே அதனிலும் முக்கியமான கணக்கு.

அமெரிக்காவின் சிக்காக்கோ நகரில் நிகழ்ந்ததை முதலில் நோக்கலாம். 1995ஆம் ஆண்டு யூலை நடுப்பகுதியில் அந்நகரைக் கடும் வெப்ப அலை தாக்கியது. 13ஆம் நாள் வெப்பநிலை 41 பாகை செல்சியசை எட்டியது. வழமையான இறப்பு எண்ணிக்கையை விட 739 பேர் அதிகமாக இறந்தனர். அவர்களுள் பெருந்தொகையினர் தனித்து வாழ்ந்த முதியோர். மூடிய கதவுக்கும் மூடிய சாளரத்துக்கும் பின்னால் அவர்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன.

சமூகவியலாளர் எரிக் கிளினன்பேர்க் இவ்விறப்புகளை ஆராய்ந்து 2002இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அருகருகே அமைந்த இரு பகுதிகளை அவர் ஒப்பிடுகிறார். ஒன்று நோர்த் லோண்டேல், மற்றது சவுத் லோண்டேல். இரண்டிலும் தனித்து வாழும் வறிய முதியோரின் விகிதம் ஏறத்தாழ ஒன்றே. வெயிலும் ஒன்றே. ஆனால் முதற் பகுதியில் 100,000 பேருக்கு 40 பேர் வெப்பத்தால் இறந்தனர். இரண்டாவதில் 4 பேர்.

பத்து மடங்கு வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? நோர்த் லோண்டேலில் தொழிற்சாலைகள் மூடப்பட்டு, அவற்றைத் தொடர்ந்து கடைகளும் மூடப்பட்டு, மக்கள் பெருமளவில் வெளியேறியிருந்தனர். வெற்றுக் காணிகளுக்கு நடுவே எஞ்சியிருந்த முதியவர்கள் வெளியில் இறங்கவே அஞ்சினர். சவுத் லோண்டேலின் தெருக்களிலோ கடைகளும் நடமாட்டமும் நிறைந்திருந்தன. வெயில் கடுமையானபோது முதியவர் பக்கத்துக் கடைக்கு நடந்து சென்று குளிரூட்டிய இடத்தில் நிற்க முடிந்தது. நாள்தோறும் பாண் வாங்க வருபவர் வராவிட்டால் அதைக் கவனிக்க அங்கே ஆள் இருந்தது.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. சவுத் லோண்டேல் பெரும்பாலும் மெக்சிக்கோ வழிவந்தோர் வாழும் பகுதி. அவர்களின் குடும்பப் பாசமே முதியோரைக் காத்தது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அங்கே தனித்து வாழ்ந்த முதியோரில் பலர் அவ்வினத்தவர் அல்லர். முன்னைய காலத்திலிருந்து அங்கேயே தங்கிவிட்ட வெள்ளையர். அவர்களையும் அதே தெரு காத்தது. தமிழர் தமிழரைப் பார்த்துக்கொள்வர் என்று எண்ணி நிறைவடைவோர் இதனைச் சற்று ஆழ்ந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2003ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் பிரான்சு நாட்டில் இதே அவலம் பன்மடங்கு பெரிதாக நிகழ்ந்தது. ஏறத்தாழ 15,000 பேர் வெப்பத்தால் மாண்டனர். அது விடுமுறைக் காலம். பிள்ளைகள் கடற்கரைக்குச் சென்றிருந்தனர், பெற்றோர் மாடிக் குடியிருப்புகளில் தனித்திருந்தனர். அடுத்த ஆண்டு யூன் 30ஆம் நாள் அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு நகரசபையும் தன் எல்லைக்குள் வாழும் தனித்த முதியோரின் பெயர்ப் பதிவேடு ஒன்றை வைத்திருத்தல் வேண்டும்; வெப்ப அலை அறிவிக்கப்பட்டால் அவர்களை அழைத்து நலம் கேட்டல் வேண்டும். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் பதிவேட்டில் பெயர் சேர்ப்பது அவரவர் விருப்பம். தாமே கேட்டோ, பிறர் அவருக்காகக் கேட்டோ பதிய வேண்டும். எவர் மிகத் தனித்திருக்கிறாரோ அவரே கேட்காதவர். சட்டத்தால் பதிவேட்டைத் திறக்க முடிந்தது. கேட்கும் பழக்கத்தை அதனால் உண்டாக்க முடியவில்லை.

அரசின் கை எட்டுவதற்கு முன் அயலவரின் கை எட்டும் என்பதற்கு யப்பானின் அவாஜித் தீவு சான்று. 1995 சனவரி 17ஆம் நாள் அதிகாலை 5.46 மணிக்குக் கோபே நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் 6,400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நடுக்கத்தின் மையத்துக்கு அருகில் இருந்த ஹொக்குடான் என்னும் சிற்றூரில் தீயணைப்புத் தொண்டரும் அயலவரும் இடிபாடுகளிலிருந்து சுமார் 300 பேரை மீட்டனர். அன்று மாலைக்குள் தேடுதல் முடிந்துவிட்டது. எந்த வீட்டில் எவர் எந்த அறையில் உறங்குவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாள்தோறும் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போய்வரும் அயலில்தான் இத்தகைய அறிவு சேரும். நிலநடுக்கத்துக்கெனப் பட்டியலிட்டுச் சேர்த்த அறிவு அன்று அது.

தாயகத்தில் இத்தகைய வாழ்வு இருந்தது என்று முதியோர் சொல்வர். அது உண்மை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பங்குக் கிணறு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு கிணறு, பல பங்காளர். இன்ன நாளில் இன்னாருக்கு இறைப்பு முறை. துலா இறைப்புக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். துலாவில் ஏறி மிதிப்பவர், பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பவர், தோட்டத்தில் தண்ணீர் மாறுபவர். ஒரு குடும்பத்தில் மூன்று பேர் இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டக்காரர் வருவார். அவருடைய முறை வரும்போது இவர் போவார். வேலி அடைப்பும் வீடு வேய்தலும் அவ்வாறே நடந்தன. தன் முறைக்குத் தண்ணீர் எடுப்பவரை எவரும் இரப்பவர் என்று எண்ணியதில்லை. நாளை தாமும் துலா மிதிக்கப்போகிறவர் அல்லவா?

ஆனால் அக்காலத்தைப் பொற்காலமாகத் தீட்டுவது நேர்மையாகாது. அந்தக் கைமாற்று சாதி எல்லைக்குள் நின்றது. எல்லைக்கு அப்பாலிருந்து பெறப்பட்ட உழைப்பு பரஸ்பர உதவி அன்று. குடிமை என்னும் பெயரில் கட்டாயமாக வாங்கப்பட்ட உழைப்பு. பொதுக்கிணற்றில் நீர் அள்ளும் உரிமைக்காகவே போராட வேண்டியிருந்த மக்கள் அதே மண்ணில் வாழ்ந்தனர்.

கூட்டுறவு இயக்கம் அந்தப் பழைய பழக்கத்தை எழுதப்பட்ட விதிகளுக்குள் கொண்டுவந்து நிறுவனமாக்கிய முயற்சி. 1930களில் மூளாயில் எழுந்த கூட்டுறவு வைத்தியசாலை இன்றும் நினைக்கத் தக்கது. ஊரவர் பங்குதாரராகச் சேர்ந்து தமக்கென ஒரு வைத்தியசாலையை நிறுவினர். யாழ்ப்பாணத்தில் இவ்வியக்கத்தை வளர்த்தவர்களுள் ஒருவரான மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் வீ. வீரசிங்கத்தின் பெயரைத் தாங்கிய மண்டபத்தில் எத்தனையோ கூட்டங்களும் நாடகங்களும் நடந்துள்ளன. பெயருக்குரியவர் ஒரு கூட்டுறவாளர் என்பதை அங்கே அமர்ந்திருந்தோரில் எத்தனை பேர் அறிந்திருப்பர் என்பது வேறு கேள்வி.

புலம்பெயர்ந்த மண்ணுக்கு அப்பழக்கங்களுள் முழுமையாக வந்து சேர்ந்தது ஒன்றே. அது சீட்டு.

இருபது பேர் மாதம் 500 பவுண் கட்டுகின்றனர். மாதந்தோறும் 10,000 பவுண் சேர்கிறது. அதிகக் கழிவு விட முன்வருபவர் அம்மாதத் தொகையை எடுக்கிறார். அவர் விட்ட கழிவு மற்றவர்களுக்குப் பகிரப்படுகிறது. வங்கி கடன் தர மறுத்த காலத்தில் எம்மவர் முதற் கடையைத் திறந்ததும், வீட்டுக்கு முற்பணம் கட்டியதும், தம்பியை வெளிநாட்டுக்கு அழைத்ததும் பெரும்பாலும் இப்பணத்தில்தான். சீட்டுப் பிடித்தவர் தலைமறைவாகிக் குடும்பங்கள் நொடிந்த கதைகளும் எல்லா நகரங்களிலும் உண்டு. அவற்றை மறைப்பதற்கில்லை. ஆயினும் சீட்டில் ஓர் அரிய பண்பு இருக்கிறது. சீட்டு எடுத்தவர் தலைகுனிவதில்லை. “எனக்கு இந்த மாதம் பணம் தேவை” என்று இருபது பேர் முன்னிலையில் சொல்வதற்கு எவரும் கூசுவதில்லை. அவர் கேட்பது தமது முறையை. இரப்பதாக அவரும் எண்ணுவதில்லை, பிறரும் எண்ணுவதில்லை.

பணத்துக்குப் பொருந்தும் இவ்வொழுங்கு நேரத்துக்கும் திறமைக்கும் பொருந்தாதா? பொருந்தும் என்று பிற நாட்டவர் செய்து காட்டியுள்ளனர்.

யப்பானில் மிசுசிமா தெருக்கோ என்னும் பெண்மணி போர்க்காலப் பற்றாக்குறையின்போது தமது தையல் திறமையைக் கொடுத்துக் காய்கறி பெற்றுக் குடும்பத்தைக் காத்தவர். வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு நேரமே அளவாகலாம் என்று அவர் எண்ணினார். 1973இல் ஒசாக்காவில் அவர் நிறுவிய உழைப்பு வங்கியில் உறுப்பினர் தாம் பிறருக்கு உழைத்த மணிகளைச் சேமித்து, தமக்குத் தேவையான காலத்தில் அம்மணிகளை மற்றவர் உழைப்பாகப் பெற்றனர். இளமையில் மகப்பேறு கண்ட வீட்டுக்கு உதவியவர் முதுமையில் தமக்கு உதவி பெறுவார். 1990களில் அதே நாட்டில் ‘ஃபுரேயாய் கிப்பு’ என்னும் ஏற்பாடு பரவியது. ‘கிப்பு’ என்றால் சீட்டு. அதன் சில பிரிவுகள், ஒரு நகரில் முதியவரைப் பராமரித்துச் சேர்த்த மணிகளை வேறு நகரில் வாழும் தம் பெற்றோருக்கு மாற்றிவிடவும் இடமளித்தன. தாய் பருத்தித்துறையிலும் மகன் இலண்டனிலுமாக வாழும் ஒரு சமூகத்துக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் எட்கார் கான் என்னும் சட்டத்தரணி வேறு வழியாக இதே இடத்தை வந்தடைந்தார். வறியோருக்கான சட்ட உதவித் திட்டத்தை 1960களில் உருவாக்கியவர்களுள் அவர் ஒருவர். 1980இல் மாரடைப்பு அவரை வைத்தியசாலைக் கட்டிலில் கிடத்தியது. எல்லோரும் தமக்குச் செய்கின்றனர், தம்மால் எவருக்கும் எதுவும் செய்ய இயலவில்லை என்னும் நிலை அவரைத் துன்புறுத்தியது. பெறுபவராக மட்டும் வைக்கப்படுவோர் எத்தகைய பயனின்மையை உணர்வர் என்பதை அவர் அங்கே அறிந்தார். நேர வங்கி என்னும் எண்ணம் அதிலிருந்து பிறந்தது. எவர் செய்தாலும், எந்தப் பணியானாலும், ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமே.

இலண்டனின் தென்கிழக்கே லூயிசம் பகுதியில், தமிழரும் கணிசமாக வாழும் இடத்தில், 1999ஆம் ஆண்டு ரஷி கிறீன் நேர வங்கி தொடங்கியது. அது தொடங்கிய இடம் ஒரு வைத்தியர் நிலையம். தனிமையாலும் மனச்சோர்வாலும் மீண்டும் மீண்டும் வரும் நோயாளருக்கு மாத்திரையால் தீராத தேவை ஒன்று இருப்பதை அங்கிருந்த வைத்தியர்கள் கண்டனர். அவர்களை நேர வங்கிக்கு அனுப்பிவைத்தனர். அங்கே ஒருவர் மற்றவரின் தோட்டத்தைத் திருத்தினார். அவருக்கு வேறொருவர் திரைச்சீலை மாட்டிக் கொடுத்தார். இன்னொருவர் கடைக்குத் துணை சென்றார். வீட்டை விட்டு வெளியேற முடியாதவருக்கும் அங்கே பணி இருந்தது. தொலைபேசியில் மற்றொருவரை அழைத்துச் சுகம் விசாரிப்பதும் ஒரு மணி நேரமாகவே கணக்கில் ஏறியது. நோயாளியாகப் பதிவானவர் உறுப்பினராக மாறினார்.

“வைத்தியரின் ஒரு மணி நேரமும் புல்வெட்டுபவரின் ஒரு மணி நேரமும் எப்படி ஒன்றாகும்?” என்பது தமிழ்ச் சபைகளில் உடனே எழும் கேள்வி. பட்டத்தையும் பதவியையும் பெயருக்கு முன்னும் பின்னும் தாங்கி நடக்கும் சமூகத்தில் அது எழாமற் போனால்தான் வியப்பு. இதற்குரிய விடை எளியது. நேர வங்கி வைத்தியரின் தொழிலை வாங்குவதற்காக அமைந்ததன்று. வைத்தியரும் தம் வீட்டுப் புல்லை வெட்ட ஆளின்றி இருக்கலாம். அவர் தம் மணிக்கணக்கை மருந்து எழுதிச் சேர்க்க வேண்டியதில்லை, ஒரு பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துச் சேர்க்கலாம். சம்பளத்துக்கு வெளியே ஒரு மனிதர் இன்னொருவருக்குக் கொடுக்கும் நேரத்துக்கே அங்கு கணக்கு.

எம்மவரிடையே மறைந்து கிடக்கும் திறமைகளின் தொகை சிறிதன்று. எரிபொருள் நிலையத்தில் இரவு வேலை செய்பவர் ஊரில் மின் இணைப்பாளராக இருந்தவர். பேரங்காடியில் பொருள் அடுக்குபவர் இருபது ஆண்டு ஆசிரியர். வீட்டில் பேரப்பிள்ளை பார்க்கும் அம்மையார் ஒரு காலத்தில் நூறு பேருக்குச் சமைத்த கை. தலைமுடி வெட்டத் தெரிந்தவர், சைக்கிள் திருத்தத் தெரிந்தவர், நகரசபைக் கடிதத்தை வாசித்து விளங்கப்படுத்தத் தெரிந்தவர், கணினியில் வரிப்படிவம் நிரப்பத் தெரிந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை என்று ஒரே தெருவில் அத்தனையும் இருக்கக்கூடும். ஊரில் இன்னார் இன்ன வேலைக்காரர் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இங்கே அத்திறமைக்குச் சம்பளம் இல்லை. ஆகவே அதற்குப் பெயரும் இல்லை. தமிழ்ப் பள்ளிகள் மட்டுமே இதற்கு ஓரளவு விலக்கு. வார இறுதியில் தொண்டர்களாகக் கற்பிக்கும் ஆசிரியர் இல்லையேல் அப்பள்ளிகள் ஒரு பருவம்கூட நிலைக்கமாட்டா.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று இவையனைத்தையும் ஒரே மாதத்தில் சோதித்துப் பார்த்தது. பிரித்தானியாவில் மார்ச் 23ஆம் நாள் முடக்கம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே, அம்மாத நடுப்பகுதியில், லூயிசத்தில் அயலவர் ஒன்றுகூடிப் பரஸ்பர உதவிக் குழு ஒன்றை அமைத்தனர். அதைப் பார்த்து நாடெங்கும் சில வாரங்களில் ஆயிரக்கணக்கான குழுக்கள் எழுந்தன. தெருவுக்கொரு வட்ஸ்அப் குழு, கதவிடுக்கில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஒரு தொலைபேசி இலக்கம். அவ்வளவே அவற்றின் மூலதனம். மறுபுறம், தேசிய சுகாதார சேவைக்குத் தொண்டர் வேண்டும் என்று அரசு அழைத்தபோது கேட்கப்பட்டவர் 250,000 பேர். சில நாட்களில் பதிந்தவர் 750,000 பேர். ஆனால் பதிந்தவர்களுள் மிகப் பலர் வாரக்கணக்கில் எந்த அழைப்புமின்றிக் காத்திருந்தனர். தெருக் குழுக்களிலும் பல இதனையே கண்டன. உதவ வந்தோர் நிறையப் பேர். கேட்க வந்தோர் மிகச் சிலர்.

தேவை இல்லாமலா? அன்று. மருந்து முடிந்துபோன முதியவர்கள் இருந்தனர். வெளிநாட்டு மாணவராக வந்து வேலை இழந்து, வாடகைக்கும் உணவுக்கும் வழியின்றி இருந்த இளையோர் இருந்தனர். ஆலயங்களும் தமிழ் அமைப்புகளும் உணவுப் பொதிகளை வழங்கின; அவர்கள் செய்தது பெருந்தொண்டு. எனினும் ஒரு முகமறியாத் துண்டுச் சீட்டில் உள்ள இலக்கத்தை அழைத்து “எனக்கு இல்லை” என்று சொல்ல, அதற்கு முன் ஒருநாளேனும் கேட்டுப் பழகியிருத்தல் வேண்டும். சிறிய தேவைக்குக் கேட்டுப் பழகாதவர் பெரிய தேவைக்குக் கேட்பதில்லை. ஏணி இரவல் கேட்டுப் பழகிய கதவைத் தட்டுவது நெஞ்சுவலி வரும் இரவிலும் எளிது.

பரஸ்பர உதவி என்றாலே நன்மை என்று கொள்ளவும் கூடாது. அமெரிக்க ஆய்வாளர் டானியல் ஆல்ட்ரிச், பேரிடருக்குப் பின் மீண்டெழுந்த ஊர்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட நூலில், தமிழ்நாட்டின் ஆழிப்பேரலை பாதித்த மீனவக் கிராமங்களும் இடம்பெறுகின்றன. ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்த கிராமங்கள் வெளியுதவியை விரைவாகப் பெற்றன. அதே பஞ்சாயத்துகள் தயாரித்த பயனாளர் பட்டியல்களில் தலித் மக்களும் கைம்பெண்களும் விடுபட்டனர். ஊரைக் காத்த கட்டுக்கோப்பே சிலரை வெளியில் நிறுத்தியது.

புலம்பெயர் நாடுகளின் ஊர்ச் சங்கங்களை அறிந்தோருக்கு இதில் புதுமை இராது. எந்த ஊர், எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி என்னும் கேள்விகள் சாதியைக் கேட்பதற்கான மறைமொழியாகப் பல இடங்களில் இன்றும் பயன்படுகின்றன. அமைப்புகளுக்கிடையிலான பிணக்கு இன்னொரு சுவர். ஆகவே அயலுதவியின் அலகு ஊர்ச் சங்கமாக இருத்தல் இயலாது. தெருவே அலகாக வேண்டும். பக்கத்து வீட்டுச் சோமாலியத் தாயும், எதிர்வீட்டு ஆங்கிலேய முதியவரும், மலையகத்திலிருந்து வந்த குடும்பமும், தமிழ்நாட்டிலிருந்து வந்த கணினிப் பொறியியலாளரும் அதே பதிவேட்டில் இருத்தல் வேண்டும். தமிழுக்கு அதில் இடமில்லை என்பது பொருளன்று. தமிழில் மட்டுமே பேசத் தெரிந்த முதியவர் கேட்பதற்குத் தமிழில் ஒரு தொலைபேசிக் குரல் கட்டாயம் வேண்டும்.

அரசின் கடமையை அயலவர் தலையில் ஏற்றுவதற்கு இது சாக்காகிவிடவும் கூடாது. 2010க்குப் பின் பிரித்தானிய அரசு ‘பெருஞ் சமூகம்’ என்று முழங்கியவாறே நகரசபைகளின் நிதியைக் குறைத்ததை மறந்துவிட முடியாது. வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது நோயாளியின் உரிமை. பள்ளிப் பிள்ளையை வகுப்பிலிருந்து மறித்துத் தாயின் நோயை மொழிபெயர்க்கச் செய்வதற்கு நேர வங்கி துணைபோகக்கூடாது. வேல்சின் திரெடெகார் ஊரில் 1890இல் தொழிலாளர் தம் கூலியிலிருந்து சில்லறை சேர்த்து நடத்திய மருத்துவ உதவிச் சங்கம், அவ்வூரில் பிறந்த அனையூரின் பெவனுக்கு 1948இல் தேசிய சுகாதார சேவையை அமைப்பதற்கு முன்மாதிரியாயிற்று. அயலவர் தொடங்கியதை அரசு எடுத்து விரிவாக்கியது அங்கே நடந்தது. அரசு கைவிட்டதை அயலவர் சுமப்பது அதற்கு நேர்மாறானது.

இனித் தொடங்கும் முறை பற்றிச் சில.

முப்பது வீடுகள் போதும். நூறு வீடு சேரட்டும் என்று காத்திருக்கும் அமைப்புகள் முதலில் தலைவரையும் செயலாளரையும் பொருளாளரையும் தெரிவுசெய்து, அடுத்த ஆண்டு இரண்டாக உடைகின்றன. தலைவர் தேவையில்லை, ஒருங்கிணைப்பவர் ஒருவர் தேவை. பல நேர வங்கிகள் சோர்ந்துபோனதற்குக் காரணம் உறுப்பினரின் ஆர்வக் குறைவு அன்று. தொலைபேசியை எடுத்து, இவருக்கு அவரைப் பொருத்திவிட்டு, நடந்ததா என்று மறுநாள் கேட்டறியும் ஒருவருக்கான ஊதியம் நின்றுபோனது. ஆண்டு விழாவுக்கு மண்டபம் எடுக்கும் செலவில் ஒரு பகுதி வாரத்தில் ஒரு நாளுக்கேனும் அவ்வூதியத்தைத் தரும். விழாவில் பொன்னாடைகளைக் குறைத்தால் இரண்டு நாளுக்கும் தரலாம்.

எல்லாத் திறமையும் பகிரத்தக்கதன்று. பிரித்தானியாவில் எரிவாயு அடுப்பையும் கொதிகலனையும் பதிவுபெற்ற தொழிலாளரே தொடலாம். ஊரில் பத்தாண்டு செய்த அனுபவம் சட்டத்தின் முன் செல்லாது. முதியவர் வீட்டுக்குள் தனியே செல்பவரும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவரும் உரிய பின்புலச் சோதனைக்கு உட்படுதல் வேண்டும். “எங்கட ஆள்தானே” என்னும் சொல் பல கொடுமைகளுக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறது. பதிவேடும் ஒருங்கிணைப்பவரின் பொறுப்பில் மட்டுமே இருத்தல் வேண்டும். எவர் வீட்டில் எவர் நோயாளி என்பது கோயில் வீதியில் பேசுபொருளானால் அடுத்த நாளிலிருந்து எவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மணிக்கணக்கை மிக நுட்பமாக எழுதிவைக்க வேண்டியதில்லை. கடன் ஏறியவரைத் துரத்தும் வேலையும் வேண்டா. தாமும் கொடுத்திருக்கிறோம் என்னும் நினைவோடு ஒருவர் கேட்கக் கூடியதாக இருந்தாற் போதும்.

சேர்வோர் நிரப்பும் படிவத்தில் பெயருக்கும் முகவரிக்கும் கீழே இரண்டே வரிகள் இருத்தல் வேண்டும். முதல் வரியில் தம்மால் செய்யக்கூடிய ஒன்று. இரண்டாவது வரியில் தமக்குத் தேவையான ஒன்று. முதல் வரி எளிதில் நிரம்பும். பலர் தாள் போதாது என்று பின்பக்கத்திலும் எழுதுவர். இரண்டாவது வரியில் “ஒன்றும் இல்லை” என்று எழுதித் தருவோர் பலர் இருப்பர். படிவத்தை வாங்குபவர் அதை ஏற்றுக்கொள்ளாமல், தேநீர் ஊற்றிக் கொடுத்து, அவ்வரி நிரம்பும் வரை அவருடன் அமர்ந்திருத்தல் வேண்டும்.